விற்காமல் வைத்த இருபத்து மூன்று

அப்பாவின் கடைக்குக் கதவு கிடையாது, பலகை கிடையாது, கல்லாப்பெட்டி கிடையாது. இணையத்தில் பழசும் புதுசுமாக எல்லாவற்றையும் விற்கிற ஒரு சந்தைத் தளம். அதில் அவருக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் 'லிப்ட்காரர்' என்ற பெயர். பெயருக்குக் கீழே இரண்டு எண்கள். முடித்த விற்பனை: ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. புகார்: பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்துக்கு ஒன்பது வயது. அப்பா இறந்து மூன்று மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, அதற்கு ஆபத்து வந்தது. கொண்டுவந்தவள் அவருடைய மகள்.

அவர் விற்றது வீடியோ கேம் கீ. கீ என்பது எழுத்தும் எண்ணும் கலந்த பதினைந்து இடத்து வரி. அதை ஒருவர் தன்னுடைய கேம் கணக்கில் தட்டினால் அந்த விளையாட்டு அவருக்குச் சொந்தம். வரி அத்தோடு செத்துவிடும், இன்னொருவருக்கு ஆகாது. சில தளங்கள் மாதத்துக்கு ஒருமுறை பத்து விளையாட்டைக் கட்டாகக் கட்டி ஒன்றின் விலைக்குத் தரும். அப்பாவுக்கு அந்தப் பத்தில் ஒன்றுதான் வேண்டியிருக்கும். மீதி ஒன்பதும் பிரிக்காத டப்பா மாதிரி சும்மா கிடக்கும். அவற்றைத்தான் விற்றார். மறுவிற்பனை கூடாது என்று நிபந்தனை போடுகிற தளங்களின் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். நிபந்தனைகளை ஒரு வரி விடாமல் படிப்பார்.

"உலகத்துலயே இதைப் படிச்ச ஒரே ஆள் உங்கப்பாதான். எழுதினவன்கூடப் படிச்சிருக்க மாட்டான்" என்பாள் அம்மா.

கேமும் அவரும் சேர்ந்ததே ஒரு விபத்தில்தான். இருபத்தாறு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். தலைக்கு மேலே பெட்டி தொங்க, பள்ளத்தில் நின்று வேலை செய்கிற ஆள். ஐம்பத்தொன்றாவது வயதில் ஏணி சறுக்கி வலது முழங்கால் போனது. கம்பெனி அவரைக் கன்ட்ரோல் ரூமில் உட்காரவைத்தது. லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அவசரப் பொத்தானை அழுத்தினால் எங்கோ ஒரு அறையில் யாரோ ஒருவர் போனை எடுப்பார் இல்லையா, அந்த யாரோ ஒருவர் அவர்தான். மெக்கானிக் போய்ச் சேர நாற்பது நிமிஷம் ஆகலாம். அதுவரை போனை வைக்கக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. ஆனால் அவர் ஒருமுறைகூட வைத்ததில்லை.

"பயப்படாதீங்க. மேல கயிறு ஒண்ணு இல்லை, ஆறு இருக்கு. ஒவ்வொண்ணும் மொத்தப் பெட்டியையும் தனியாத் தாங்கும். கீழ உக்காந்துக்குங்க. கையில என்ன வெச்சிருக்கீங்க? காய்கறியா? என்ன காய்?"

ஆள் வெளியே வருவதற்குள் அன்றைய சமையல்வரை பேசி முடித்திருப்பார்.

அழைப்பு வராத நேரம் நீளமானது. பக்கத்து மேசைக்காரர் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுவதை ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தவர், எட்டாவது நாள் "நகருங்க, நான் ஓட்டறேன்" என்றார். அதிலிருந்து விடவில்லை. வீட்டில் நடைவழியை ஒட்டிய சின்ன அறையில் மேசை போட்டார். எதிர்க் கட்டடத்தின் பின்சுவரும் தண்ணீர்க் குழாய்களும்தான் ஜன்னல் காட்சி. முழங்காலுக்கு அணை கொடுக்க ஒரு பழைய தலையணை. பெரிய திரை ஒன்று. கையில் பிடித்து ஆட்டுகிற கன்ட்ரோலர் இரண்டு.

"இந்த வயசுல ஒருத்தருக்குச் சர்க்கரை வரும், ஒருத்தருக்கு பி.பி. வரும். இவருக்கு லாரி வந்திருக்கு" என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அம்மா பேன்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். துணி கொடுக்க வந்த எல்லாருக்கும் இந்த லாரிக் கதை தெரியும்.

மகள் வேறு ஊரில் இருந்தாள். மருத்துவமனைக் கருவிகளுக்குள் ஓடுகிற மென்பொருளைச் சோதிக்கும் வேலை. ஒரு நோயாளியின் நரம்பில் சொட்டு மருந்து எவ்வளவு இறங்க வேண்டும் என்று கருவி சொல்கிறதோ, அது சரிதானா என்று அவள் நூறு விதமாகக் கேட்டுப் பார்ப்பாள். எதையும் சோதிக்காமல் நம்பாதது அவளுக்குத் தொழிலாகவே ஆகிவிட்டது. வீட்டுக்குப் பேசுவது ஞாயிற்றுக்கிழமை, ஆறு நிமிஷம். அதில் நான்கு நிமிஷம் அம்மா.

அப்பா போனது மூன்றே நாளில். ஆஸ்பத்திரியில் அவர் கையில் ஏறிக்கொண்டிருந்த சொட்டு மருந்துக் கருவி அவளுடைய கம்பெனிக் கருவி இல்லை. அதன் திரையை அவள் மூன்று நாளும் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பிழையும் இல்லை. கருவி சரியாகத்தான் வேலை செய்தது.

இப்போது இரண்டு வார லீவில் வந்திருந்தாள். வங்கி, போன், பென்ஷன் என்று அப்பாவின் பெயரில் திறந்திருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மூடினாள். கடைசியில் கடை மிஞ்சியது.

"நல்லபடியா மூடு" என்றாள் அம்மா. "இருக்கறதை வித்துட்டு மூடு. ஆள் ஓடிப்போன கடை மாதிரி இருக்கக்கூடாது."

இருப்புப் பட்டியல் அப்பாவின் கம்ப்யூட்டரில் இருந்தது. விளையாட்டின் பெயர், எந்தத் தளம், எந்தத் தேதி, கீ, விலை. அவரே போட்ட கட்டங்கள், கோணல் இல்லாமல். விற்காமல் அறுபத்தொன்று இருந்தன. அதில் முப்பத்தெட்டு சாதாரண வெள்ளை வரிசைகள். மீதி இருபத்து மூன்றுக்கும் மஞ்சள் நிறம் பூசி, விலைக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்.

அவளுடைய அலுவலகத்தில் மஞ்சள் என்றால் பாதியில் நிற்கிற வேலை. முடித்தது பச்சை, உடைந்தது சிவப்பு, இன்னும் ஆளுக்காகக் காத்திருப்பது மஞ்சள். அப்பா விலை போட நேரமில்லாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தாள். சந்தையில் என்ன விலை போகிறது என்று பார்த்து இருபத்து மூன்றுக்கும் விலை போட்டாள். வியாழக்கிழமை மதியம் அறுபத்தொன்றையும் கடையில் ஏற்றினாள். அப்பா விட்டுப்போன வேலை ஒன்றை முடித்துக் கொடுத்த மாதிரி இருந்தது. அன்றைக்குச் சாப்பாடுகூட ஒழுங்காக இறங்கியது.

சனிக்கிழமை காலை, 'மொட்டைமாடி' என்ற பெயரில் வாங்கியிருந்தவரிடமிருந்து செய்தி வந்தது.

"சார், கீ போட்டா 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது'ன்னு வருது. பிரிச்ச டப்பாவ ஒட்டித் திருப்பி விக்கறீங்களா? புகார் பூஜ்யம்னு இருக்கேன்னு நம்பி வாங்கினேன். அந்தப் பூஜ்யத்துக்கு இன்னையோட ஒரு வழி பண்றேன்."

அதற்குக் கீழே தளத்தின் அறிவிப்பு. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள், அதாவது திங்கட்கிழமை பத்தேகாலுக்குள், புகார் தீரவேண்டும். இல்லையென்றால் எண் மாறும். மாறினால் மாறினதுதான்.

அவள் பயப்படவில்லை. வாங்கியவன் கீயைப் போட்டு விளையாட்டை எடுத்துக்கொண்டு, வேலை செய்யவில்லை என்று பணத்தையும் கேட்பது இந்தச் சந்தையில் பழைய வித்தை. அப்பா அதற்காகவே ஒவ்வொரு கீயையும் வாங்கின அன்றே திரையைப் படம்பிடித்து வைப்பார். இதற்கும் படம் இருந்தது. நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி, 'பயன்படுத்தப்படவில்லை' என்ற வரி, எல்லாம் தெளிவாக இருந்தன. படத்தை இணைத்து எழுதினாள்:

"விற்கப்பட்ட கீ பயன்படுத்தப்படாதது. ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது."

இரண்டே நிமிஷத்தில் பதில் வந்தது.

"யாருங்க இது? லிப்ட்காரர் இப்படிப் பேசமாட்டாரே. கடைய வேற யாருக்காவது வித்துட்டாரா?"

"அவர் என் அப்பா. இறந்துவிட்டார்."

"ஓஹோ. இப்ப செத்துட்டாரா. இன்டர்நெட்ல கீ வேலை செய்யலைன்னா உடனே வீட்ல யாராவது செத்துப்போயிடறாங்க. போன தடவை ஒருத்தன் அவன் பாட்டியக் கொன்னான். நீங்க அப்பாவா?"

அவள் கம்ப்யூட்டரை விட்டு எழுந்துவிட்டாள்.

முன்னறையில் அம்மா யாரோ ஒருவருடைய கறுப்பு பேன்ட்டை மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தாள். தலை தூக்காமலே கேட்டாள்.

"என்னடி, மூஞ்சி இப்படி இருக்கு?"

"அப்பா கடைக்குப் புகார் வந்திருக்கு."

மெஷின் நின்றது. "உங்கப்பா கடைக்கா?"

"ஏற்கெனவே யூஸ் பண்ணின கீய வித்துட்டோமாம். பொய் சொல்றான். அப்பா எடுத்து வெச்ச போட்டோவ அனுப்பிட்டேன்."

"எதை வித்தே?"

"லிஸ்ட்ல இருந்ததுதான். மஞ்சள்ல ஒண்ணு."

"மஞ்சளையா வித்தே?" அம்மா ஊசியிலிருந்து துணியை விடுவித்தாள். "அதை ஏண்டி தொட்டே?"

"விலை போடாம விட்டிருந்தாரும்மா. மஞ்சள்னா பாக்கி வேலைதானே?"

"உங்க ஆபீஸ்ல அப்படியா? உங்கப்பா ஆபீஸ்ல மஞ்சளைத் தொட்டா ஆளே செத்துடுவான்."

அம்மா தையல் மெஷினின் இழுப்பறையைத் திறந்தாள். நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. மாட்டுவதற்கு ஒரு கம்பி வளையம். மஞ்சள் அட்டையில் கறுப்பு எழுத்து: 'உள்ளே ஆள் இருக்கிறார். தொடாதீர்கள்.'

பள்ளத்தில் இறங்குகிற மெக்கானிக் இதை மெயின் சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவார். மேலே எவ்வளவு பெரிய மேனேஜர் வந்து எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அந்தச் சுவிட்சை யாரும் தொடமாட்டார்கள். மாட்டின ஆள் வெளியே வந்து, தன் கையால் அட்டையைக் கழற்ற வேண்டும். வேறொருவர் கழற்றுவது அந்தத் தொழிலில் மன்னிக்கிற தப்பு இல்லை.

"உன் ரூம் கதவுல மாட்டினாரே, ஞாபகம் இல்லை?" என்றாள் அம்மா. "பரீட்சைக்கு நீ படிக்கறப்போ. உங்க அத்தை வந்து கதவத் திறக்கப் போனா. அட்டையப் படிச்சுட்டு 'உள்ள கரென்ட் பாயுதா'ன்னு கேட்டுட்டு ஓடிப்போனா."

ஞாபகம் இருந்தது. இரண்டு மாதம் அந்த அட்டை அவள் கதவில் தொங்கியது. பரீட்சை முடிந்த அன்று அப்பாதான் வந்து கழற்றினார். ஆனால் திரையில் மஞ்சள் கட்டத்தைப் பார்த்தபோது அந்தக் கதவு அவள் நினைவுக்கு வரவில்லை. அவளுடைய அலுவலகம்தான் வந்தது.

"அந்த மஞ்சள் எல்லாம் யாருக்கும்மா?"

அம்மா அட்டையை அவள் கையில் வைத்தாள். "இதையும் நான்தான் சொல்லணுமாடி?"

மகள் தன்னுடைய மடல்பெட்டியைத் திறந்து அப்பாவின் பெயரைத் தேடினாள். இருபத்து மூன்று. நாலு வருஷமாக, இரண்டு மாதத்துக்கு ஒன்று போல வந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கீ, கீழே ஒரு வரி. முகவரி போட்டு நலம் விசாரிக்கிற பழக்கம் அவருக்கும் இல்லை.

'இதுல குதிரை இருக்கு. உனக்குச் சின்ன வயசுல குதிரைன்னா உசிரு.'

'இது எனக்குப் புரியலை. உனக்குப் புரியும்.'

'இதுல செடி வளக்கணும். செத்தா திட்டாது, திரும்ப முளைக்குது.'

'ஆபீஸ் நேரத்துல போடாதே.'

எல்லாவற்றின் முடிவிலும் ஒரே வாசகம்: 'நேரம் கிடைக்கறப்போ பாரு. அவசரமில்லை.'

அவள் போட்ட பதில்கள் மொத்தம் இரண்டு. இரண்டிலும் 'சரிப்பா' என்று இருந்தது. பதினாறு மடல்கள் திறக்கப்படவே இல்லை.

முதல் மடல்தான் மொட்டைமாடிக்கு விற்ற விளையாட்டு. 'இது ரெண்டு பேர் ஆடறது. லிப்ட் ரிப்பேரான கட்டடம். ரெண்டு பேர் சேர்ந்து ஒரு பீரோவைப் பன்னண்டாவது மாடிக்குத் தூக்கிட்டுப் போகணும். கடைசிவரைக்கும் ஒருத்தனும் மெக்கானிக்கைக் கூப்பிட மாட்டேங்கறான், அது ஒண்ணுதான் குறை. நீ அங்கேருந்து ஒரு பக்கம் புடிக்கலாம், நான் இங்கேருந்து ஒரு பக்கம். கீழ இருக்கற லிங்கை அழுத்தினா என்கிட்ட வரும்.'

அவள் கேம் கணக்கு என்று ஒன்றை ஆரம்பித்ததே மறந்துபோயிருந்தது. கடவுச்சொல்லை மாற்றி உள்ளே போனாள். ஒரே ஒரு விளையாட்டு. சேர்த்த தேதி, அப்பா மடல் அனுப்பிய மறுநாள் மதியம் ஒன்றரை மணி. சாப்பாட்டு இடைவேளையாக இருக்கும். விளையாடிய நேரம்: பூஜ்யம் நிமிஷம்.

ஆக, கீயைப் பயன்படுத்தியவள் அவள். சொல்லாதவள் அவள். விற்றவளும் அவளே. பிழையைக் கண்டுபிடித்தாகிவிட்டது. காரணம், சோதித்தவளேதான்.

அம்மா வாசலில் வந்து நின்றாள்.

"அவர் ஏம்மா என்கிட்ட கேக்கலை? போட்டியான்னு ஒரு வார்த்தை."

"நானும் சொன்னேன், போன்ல கேளுங்கன்னு. கேட்டா வேலை வெச்ச மாதிரி ஆயிடும்னாரு. 'அவ வெளிய வர்றப்போ வரட்டும்'னு விட்டுட்டாரு. இதுல ஏதோ ஒரு கீ நல்ல விலைக்குப் போச்சாம் நடுவுல. வித்தா என்னன்னேன். 'ஆள் உள்ள இருக்கறப்போ நான் எப்படித் தொடறது'ன்னாரு." முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி. அவன் பொய் சொல்லலை. இப்ப என்ன பண்ணப்போறே?"

அதில்தான் சிக்கல். அவள் அனுப்பிய படம் வலுவான ஆதாரம். தளத்துக்காரர்கள் அதைப் பார்த்தால் கடைக்குச் சாதகமாகத்தான் தீர்ப்புச் சொல்வார்கள். மொட்டைமாடி பொய்யன் ஆவார். பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும். அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். உண்மையைச் சொன்னால் புகாரை ஏற்றுக்கொண்டதாக ஆகும். கெடு முடிவதற்குள் வாங்கினவராக மனமிரங்கிப் புகாரைத் திரும்ப எடுத்துக்கொண்டால் உண்டு. இல்லையென்றால் ஒன்பது வருஷம் அவர் காப்பாற்றிய பூஜ்யத்தை மூன்றே மாதத்தில் அவள் ஒன்று ஆக்கிவிடுவாள்.

அம்மாவிடம் சொன்னாள். அம்மா யோசிக்கவே இல்லை.

"உங்கப்பா எதுக்குடி அந்த நம்பரை வெச்சிருந்தாரு, அழகு பாக்கவா? யாரையும் நடுவுல விடலைன்னு அர்த்தம் அது. இப்ப அந்த ஆளை நீ உள்ள வெச்சுட்டுக் கதவச் சாத்தப்போறியா?"

ஆதாரமாக இணைத்த படத்தை முதலில் நீக்கினாள். விளையாட்டைப் புதிதாக, முழு விலைக்கு, அதை உருவாக்கியவர்களின் தளத்திலேயே வாங்கி மொட்டைமாடிக்குப் பரிசாக அனுப்பினாள். பிறகு எழுத உட்கார்ந்தாள். முதலில் எழுதியது அலுவலக அறிக்கை மாதிரி வந்தது. அழித்தாள். அப்பாவின் பழைய செய்திகளைத் திறந்து படித்தாள். 'பயப்படாதீங்க, கீ எங்கயும் போகாது.' 'அந்தப் பொத்தான் இடது பக்கம் மேல இருக்கும், மெதுவாப் பாருங்க, நான் இங்கதான் இருக்கேன்.' லிப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற அதே பேச்சு. அதை அவளால் எழுத முடியாது. அவளுக்கு வருவதை எழுதினாள்.

"நீங்க சொன்னது சரி. கீ பயன்படுத்தினதுதான். பயன்படுத்தினது நான். நாலு வருஷம் முன்னாடி அப்பா எனக்குக் குடுத்தது. நான் அவர்கிட்ட சொல்லலை, மறந்தும் போயிட்டேன். எனக்காக விக்காம வெச்சிருந்தாரு. அது தெரியாம நான் வித்துட்டேன். பணம் திரும்ப வந்துடும். புது கேம் ஒண்ணு அனுப்பியிருக்கேன். புகாரை நீங்க அப்படியே விட்டாலும் நியாயம்தான். தப்பு அவரோடது இல்லைங்கறது மட்டும் உங்களுக்குத் தெரியணும். அவர் நிஜமாவே இறந்துட்டாரு."

தளம் ஒரு கேள்வி கேட்டது. 'புகாரை ஏற்கிறீர்களா?' ஆம் என்பதை அழுத்தினாள்.

சனிக்கிழமை முழுக்கப் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. அம்மா மணிக்கொருதரம் நடைவழியில் தலையை நீட்டி, "மொட்டைமாடிலேருந்து ஏதாவது இறங்குச்சா?" என்றாள். மதியம் மூன்று பேன்ட்டுக்கு உயரம் குறைத்ததில் ஒன்றை அளவு தப்பி வெட்டிவிட்டு, "உன் கவலைல ஒருத்தனைக் குள்ளமாக்கிட்டேன்" என்று திட்டினாள்.

இருபத்து மூன்று மடல்களையும் மகள் படித்து முடித்தாள். ஒன்றுக்காவது பதில் எழுதலாம் என்று விரலை வைத்தாள். எந்த முகவரிக்கு எழுதுவது என்று நினைத்ததும் எடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை ஒன்பதே முக்காலுக்குத்தான் பதில் இறங்கியது.

"மன்னிச்சுக்குங்க, நேத்து முழுக்க விளையாடிட்டே இருந்தோம், அதான் பதில் போடலை. அக்காவுக்குத்தான் வாங்கினேன். வேற ஊர்ல கால் ஒடிஞ்சு படுத்திருக்கா. படியே ஏற முடியாதவளுக்கு இந்த கேமான்னு மச்சான் சிரிச்சாரு. அஞ்சாவது மாடி போயிட்டோம். போன வருஷம் நான் முதல் தடவை கீ வாங்கினப்போ அதை எங்க போடறதுன்னே தெரியலை. உங்கப்பா ஒரு மணி நேரம் கூடவே இருந்து சொல்லிக்குடுத்தாரு. நடுவுல, கையில என்ன வெச்சிருக்கீங்கன்னு கேட்டாரு. டீன்னேன். ஆறிடும், குடிச்சுட்டு வாங்க, நான் எங்கயும் போகலைன்னாரு. நீங்க எழுதினதைப் படிச்சப்போ அது ஞாபகம் வந்துச்சு. நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. புகாரை எடுத்துட்டேன்."

அவள் பக்கத்தைப் புதுப்பித்தாள். விற்பனை: ஆயிரத்து நானூற்று முப்பத்தொன்று. புகார்: பூஜ்யம்.

"ம்மா!"

அம்மா வந்து திரையைப் பார்த்தாள். அந்த எண்ணின் மேல் விரலை வைத்து, தூசி துடைப்பது போல ஒரு தடவை தடவினாள். "ம்" என்றாள். அவ்வளவுதான்.

மஞ்சள் வரிசைகளில் மீதி இருபத்திரண்டையும் மகள் கடையிலிருந்து இறக்கினாள். நல்லவேளை, வேறு எதுவும் விற்றிருக்கவில்லை. அவள் போட்ட விலைகளை ஒவ்வொன்றாக அழித்தாள். நிறத்தைத் தொடவில்லை.

பிறகு தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து அப்பாவின் மேசையிலேயே ஓரமாக வைத்து, பீரோ விளையாட்டை இறக்கினாள். அப்பாவின் கம்ப்யூட்டரிலும் அதைத் திறந்தாள். அம்மாவை அப்பாவின் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"இதுல நான் ஆடியிருக்கேன்டி" என்றாள் அம்மா, கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டே. "நீ வரலைன்னு என்னைப் புடிச்சு உக்காரவெப்பாரு. நான் நடுப்படியில போட்டுட்டுக் குக்கரை அணைக்க எந்திரிச்சுப் போயிடுவேன். திரும்பி வந்து பாத்தா பீரோவும் இருக்காது, அவரும் இருக்கமாட்டாரு. ரெண்டும் கீழ கிடக்கும்."

மகள் முதல் மடலைத் திறந்து, நாலு வருஷமாக அதில் கிடந்த லிங்கை அழுத்தினாள். அவள் திரையில் ஒரு வரி வந்தது. 'லிப்ட்காரர் இப்போது இணைப்பில் இருக்கிறார்.'

அது அம்மாதான், பக்கத்தில் ஒரு முழ தூரத்தில்தான் இருக்கிறாள் என்று தெரியும். இருந்தாலும் அந்த வரியை அவள் உடனே கடந்துபோகவில்லை.

"என்னடி, வேலை செய்யலையா?"

"செய்யுதும்மா."

விளையாட்டு, அவர் விட்ட இடத்தில் திறந்தது. மூன்றாவது மாடி, படி திரும்புகிற இடம். பீரோவைச் சுவரோடு ஒட்டி, வழியை மறைக்காமல், நேராக நிறுத்திவைத்திருந்தார். யார் வந்தாலும் கடந்துபோகலாம்.

"நீ மேல் பக்கம் புடி" என்றாள் அம்மா. "கீழ் பக்கம்தான் வெயிட்டு இறங்கும். எப்பவும் அவர்தான் கீழ புடிப்பாரு."

"நான் கீழ வரேன்."

"உனக்குப் பழக்கமில்லடி."

"வரேன்மா."

தூக்கினார்கள். நாலு படி ஏறினார்கள். அம்மா இடப்பக்கம் திருப்ப, மகள் வலப்பக்கம் திருப்ப, பீரோ கைப்பிடிச் சுவரில் மோதி, வாயைப் பிளந்து, தடதடவென்று இரண்டாவது மாடிவரை உருண்டு, மல்லாந்து படுத்தது. உள்ளிருந்து ஒரு சட்டை வந்து படியில் விழுந்தது.

அம்மா சிரித்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவை. சிரித்து, அப்படியே கொஞ்சம் அழுது, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போச்சு. மறுபடி முதல்லேருந்தா?" என்றாள்.

"ரெண்டாவது மாடிதான். இறங்கி எடுத்துக்கலாம்" என்றாள் மகள். "அவசரமில்லை."